கொங்கு நாட்டில் இருந்தபடி அருங்காட்சியக வேலையில் மேலே வர முடியுமா? ஆலோசகர் வேலை சோறு போடுமா?

கிளுவைவேலி

எல்லோருக்கும் வணக்கமுங்க. சொந்த ஊர் காங்கேயம் பக்கம். பரோடாவில் மியூசியாலஜி (அருங்காட்சியகவியல்) முதுகலை முடித்துவிட்டு, வடக்கே ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்த மாதம் நெருங்கினாலே வயிற்றைக் கலக்கும்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "பழைய சாமானத்தப் பாத்துக்கறதுக்கு எதுக்கு கண்ணு அத்தனை தூரம் போய்ப் படிக்கோணும்?" என்கிறார். விசேஷ வீடுகளில் யாராவது கேட்டால், "கவர்மெண்டுப் பரீட்சை எழுதீட்டு இருக்கறா" என்று சமாளித்துவிடுகிறார்.

இப்போது கோவையில் ஓர் ஆலோசனை நிறுவனம் கூப்பிடுகிறது. அருங்காட்சியகத் திட்டங்களுக்கு டிபிஆர், அதாவது விரிவான திட்ட அறிக்கை, எழுதும் வேலை. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கூடுதல். இல்லையென்றால் அரசு அருங்காட்சியகப் பொருள்களைப் பொறுப்பேற்றுப் பார்க்கும் காப்பாட்சியர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு விடும்வரை காத்திருக்கலாம். என் ஆசை என்னவோ, ஒரு நாள் ஒரு அருங்காட்சியகத்தை நானே பொறுப்பெடுத்து நடத்த வேண்டும் என்பது. ஆலோசகராகப் போனால் அந்த வழி திறக்குமா, அடைபட்டுப் போகுமா? இந்தத் துறையில் இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அவிநாசி ரோடு

வாங்க அம்மிணி. நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், ஆகவே விளம்பரம் இல்லாமல் சொல்கிறேன்.

அரசுத் திட்டம் என்றால் டெண்டர். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை போட்டவருக்குத்தான் பொதுவாக வேலை. பெரும்பாலும் ஒரு கட்டட வரைகலை நிறுவனம் முன்னே நிற்கும், நம்மைப் போன்றவர்கள் அதற்குக் கீழே துணை ஆலோசகர். தொடக்க அறிக்கை, கருத்துரு, விரிவான வரைபடம், டெண்டர் ஆவணம், மேற்பார்வை என்று படிப்படியாகப் பணம் வரும். கடைசிப் படியில் உள்ள பணம் திறப்பு விழா முடிந்து அதிகாரி மாற்றலாகிப் போன பிறகும் வராது.

கோவையில் உண்மையான சோறு வேறிடத்தில் இருக்கிறது. இங்கே முதல் பஞ்சாலை வந்தது 1888இல். அப்புறம் 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக முளைத்தன. அந்தக் காலத்து மில், பவுண்டரி, பம்ப் கம்பெனி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் இப்போது நூற்றாண்டு நெருங்குகிறது. ஒவ்வொரு குடும்பமும் நிறுவனர் நினைவாக ஏதாவது செய்ய நினைக்கிறது. முன்மாதிரியும் கண்ணெதிரே இருக்கிறது: அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும், 2015இல் திறந்த ஜிடி கார் அருங்காட்சியகம். அதைப் பார்த்துவிட்டு "நமக்கும் இப்படி ஒண்ணு வேணுமுங்க" என்று வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள்.

வாருங்கள். ஒரு மேலாளர் பத்து வருடத்தில் பார்க்கிற வகைகளை ஆலோசகர் மூன்று வருடத்தில் பார்த்துவிடுவார்.

பழைய பதிவேடு

மேலே உள்ளவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் சொன்ன எல்லாமே திறப்பு விழா வரைக்கும்தான். அருங்காட்சியகத் தலைமை என்பது அதற்கு மறுநாள் காலை ஆரம்பிக்கிற வேலை.

நான் மாவட்டக் காப்பாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அரசு வழியைப் பற்றி, ஏனென்றால் பலருக்கு அதில் மயக்கம் இருக்கிறது. காப்பாட்சியராகச் சேரலாம், மாவட்டம் மாவட்டமாகப் போகலாம், உதவி இயக்குநர் வரை ஏறலாம். உச்சியில் உள்ள நாற்காலியில் இப்போது பெரும்பாலும் ஆட்சிப் பணி அதிகாரிகள்தான் உட்காருகிறார்கள். முன்பு அப்படி இல்லை. 1851இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்ற எட்வர்டு பால்ஃபர் ஒரு மருத்துவர். 1940இல் அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ஐயப்பன் மானிடவியலாளர். டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு 1960இல் இயக்குநராக வந்த கிரேஸ் மார்லி, அதற்கு முன் சான்பிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தை 1935இலிருந்து நடத்தியவர். அந்த அம்மையார் பொருள்களுக்கு நடுவிலேயே வளர்ந்து தலைமைக்கு வந்தவர். அந்த வழி நம் மாநில அரசுத் துறையில் இப்போது குறுகலாகத்தான் இருக்கிறது. தெரிந்துகொண்டு வாருங்கள்.

சரி, காப்பாட்சியர் என்ன செய்கிறார்? கொங்கு நாட்டில் ஒரு விவசாயி கிணற்றுக்கோ தொட்டிக்கோ குழி வெட்டும்போது பானை ஒன்று அகப்படும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஜீப்பில், பழைய வேட்டியில் சுற்றி வந்து சேரும். வந்த அன்றே எண் போட வேண்டும், நாளைக்கு என்பதே கூடாது. எங்கே கிடைத்தது, சர்வே எண், யார் ஒப்படைத்தார், எந்தக் கடிதத்தின்படி, உயரம், எடை, எந்த இடத்தில் உடைசல், எந்த அலமாரியில் வைத்தோம் எல்லாம் பதிவேட்டில் ஏறும். பொருளின் அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் மெல்லிய வார்னிஷ் பூசி, காய்ந்த பிறகு மையால் எண் எழுதி, அதன்மேல் இன்னொரு பூச்சு. பிற்காலத்தில் யாராவது அழிக்க வேண்டுமானால் பொருளுக்குச் சேதம் இல்லாமல் அழியும், தானாக அழியாது.

இதில் என்ன தலைமை இருக்கிறது என்று கேட்பீர்கள். 2023இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 2000 பொருள்கள் காணாமல் போயோ, சேதமாகியோ இருப்பது தெரிந்து இயக்குநரே பதவி விலகினார். சிக்கலின் வேர் என்ன? அந்தப் பொருள்களில் பல ஒழுங்காகப் பதிவாகவே இல்லை. உலகத்திலேயே பணக்கார அருங்காட்சியகங்களில் ஒன்றுக்கே அந்த நிலை.

அம்மிணி, பதிவேடு எழுதிப் பழகாமல் டிபிஆர் எழுதப் போகாதீர்கள். டிபிஆரில் 'சேமிப்பறை' என்று ஒரு சதுரம் வரைந்திருப்பார்கள். அதற்குள் எத்தனை பொருள் போகும் என்று கேட்டால் வரைந்தவருக்குத் தெரியாது.

பீளமேடு பட்டறை

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் காட்சிப்பெட்டி செய்து கொடுக்கிறவன்ங்க, படிப்பு ஐடிஐ ஃபிட்டர்தான். ஆனா ஆலோசகருங்க வரைஞ்சு குடுக்கறதை நிஜத்துல நிக்க வைக்கறது நாங்க.

ஒரு சங்கதி சொல்றேன். பெட்டிக்குள்ளே எம்டிஎஃப் பலகை, அதான் மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை, போடச் சொல்லி வரைபடம் வரும். அந்தப் பலகையிலிருந்து அமில ஆவி கசிஞ்சுக்கிட்டே இருக்கும். மூடின கண்ணாடிப் பெட்டிக்குள்ளே அது எங்க போகும்? உள்ளே வெச்ச ஈயம், செம்பு எல்லாம் மெதுவா பூத்துப்போகும். வெளியில் இருந்தப்ப ஆயிரம் வருஷம் தாங்கினது பெட்டிக்குள்ள நாலு வருஷத்துல பல்லிளிக்கும். பவுடர் கோட்டிங் போட்ட இரும்புத் தகடு கேட்டு வாங்குங்க, செலவு கொஞ்சம் கூடும். புதுசா பெயிண்ட் அடிச்ச பெட்டின்னா உடனே பொருளை வைக்காம நல்லா ஆறவிடுங்க. திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி பெயிண்ட் அடிக்கறதுதான் நம்மூரு வழக்கம், என்ன பண்றது.

அப்புறம் வெளிச்சம். பழைய துணி மேல விழற வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) தாண்டக்கூடாது. ஓர் இடத்துல நூறு வருஷத்துப் பட்டுச்சேலைக்கு நேர் மேலே நகைக்கடை ஸ்பாட் லைட் போடச் சொன்னாங்க. "மங்கலா இருந்தா சேர்மன் திட்டுவார்"னு காரணம். சேலை வெளுத்தா சேர்மன் யாரைத் திட்டுவார்னு கேட்டேன், பதில் இல்லை.

சென்னிமலைக்காரன்

எல்லாம் சரிங்க. எங்க ஊர்ப் பக்கம் கொடுமணல் இருக்குதே, அதைப் பத்தி யாராவது பேசுவீங்களா? பதிற்றுப்பத்துல கபிலர் பாடின ஊரு. நொய்யல் கரையில 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பிச்சாங்க, அப்புறம் வேற வேற குழு வந்தாங்க, அரசுத் தொல்லியல் துறையும் தோண்டினாங்க. பச்சைக்கல் மணி, சூதுபவள மணி, இரும்பு உருக்கின உலை, பேர் எழுதின பானை ஓடு... எல்லாம் மூட்டை கட்டிப் போயிருச்சு. எங்க பசங்க பார்க்கோணும்னா எங்கே போறது? கீழடிக்கு 18 கோடியில 2023இல் அருமையா கட்டினாங்க, போய்ப் பார்த்தேன், கண்ணு பட்டுப்போகும். எங்களுக்கு எப்போ? ஆலோசகருங்க எல்லாம் கோயமுத்தூர் ஏசி ரூமுல மில்லு முதலாளிக்குப் படம் போட்டுக்கிட்டு இருந்தா இதை யார் கேக்கறது?

பழைய பதிவேடு

தம்பி, கோபம் நியாயமானதுதான். ஆனால் அகழாய்வுப் பொருள் தோண்டியதும் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போவதில்லை. கழுவி, எண்ணிட்டு, வரைந்து, ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பி, அறிக்கை வெளிவர வேண்டும். வெவ்வேறு நிறுவனங்கள் தோண்டினால் பொருள்களும் வெவ்வேறு இடங்களில் இருக்கும். அவற்றை ஓரிடத்துக்குக் கொண்டுவருவது கட்டடம் கட்டுவதைவிடப் பெரிய வேலை. துறைக்குத் துறை கோப்பு நகர வேண்டும், யார் பொறுப்பு என்று எழுத்தில் வர வேண்டும்.

வெள்ளலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1842இலேயே அங்கே ரோமானியக் காசுக் குவியல் கிடைத்தது. கோவைக்காரர்களில் எத்தனை பேர் அதில் ஒரு காசையாவது கண்ணால் பார்த்திருப்பார்கள்?

சென்னிமலைக்காரன்

அறிக்கை அறிக்கைன்னு சொல்லிச் சொல்லியே நாற்பது வருஷம் ஓடிப்போச்சுங்க ஐயா. மாதிரிப் பொருளாவது செஞ்சு பள்ளிக்கூடத்துல வைக்கலாமில்ல? அறச்சலூர் இசைக் கல்வெட்டுக்கு ஒரு நல்ல அச்சுப்படி எடுத்து ஓடாநிலையில வெச்சா, சின்னமலை மணிமண்டபத்துக்கு வர்ற ஆயிரம் பேர் பார்ப்பாங்க. பக்கத்து மலைதான். இதுக்குக் கோடியெல்லாம் வேண்டாம்.

கிளுவைவேலி

அண்ணா, நீங்கள் கேட்பதுதான் என்னையும் உறுத்துகிறது. அச்சுப்படி யோசனை நல்ல யோசனை. ஐகாம் என்கிற உலக அருங்காட்சியகக் கூட்டமைப்பு 2022இல் பிராகாவில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறையிலேயே, சமூகங்களின் பங்கேற்போடு அருங்காட்சியகம் இயங்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். படிக்கும்போது அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோம். வேலைக்கு வந்த பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுத்துப் பார்க்கவில்லை.

அவிநாசி ரோடு அண்ணாவுக்கு ஒரு கேள்வி. கட்டி முடித்த பிறகு நடத்துகிற செலவை டிபிஆரில் எழுதுவீர்களா?

அவிநாசி ரோடு

எழுதுவோம். கடைசியிலிருந்து இரண்டாவது அத்தியாயம். யாரும் படிக்க மாட்டார்கள்.

கிண்டல் இல்லை. காவலாளி சம்பளம், மின்கட்டணம், காப்பீடு, பூச்சிக் கட்டுப்பாடு, கண்ணாடி துடைக்கிற ஆள் எல்லாம் போட்டு வருடாந்தரத் தொகையைக் காட்டினால், "டிக்கெட்ல வந்துருமில்ல?" என்பார்கள். வராது. எங்கேயும் டிக்கெட்டில் மட்டும் வண்டி ஓடாது. நான் காட்டுகிற உதாரணம் மும்பை பாவு தாஜி லாட் அருங்காட்சியகம். மாநகராட்சி, இன்டாக் என்கிற மரபுப் பாதுகாப்பு அமைப்பு, ஒரு தனியார் அறக்கட்டளை மூவரும் 2003இல் ஒப்பந்தம் போட்டுப் புதுப்பித்து 2008இல் திறந்தார்கள். யார் எதற்குப் பொறுப்பு என்பது முதலிலேயே எழுத்தில் இருந்தது. நம்மூரில் அப்படி எழுதச் சொன்னால், "நமக்குள்ள எதுக்குங்க பத்திரமெல்லாம்" என்பார்கள்.

பீளமேடு பட்டறை

மின்கட்டணம்னதும் ஞாபகம் வருது. பகல்ல ஏசி ஓடும், சாயங்காலம் வாட்ச்மேன் எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுப் போவார், சிக்கனமாம். ராத்திரி ஈரம் ஏறும், காலையில இறங்கும். மரச்சிலை தினமும் வீங்கிச் சுருங்கினா என்ன ஆகும்? அதுக்கு ஏசியே இல்லாம ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தாலும் தேவலை.

மில்வீட்டுப் பேரன்

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். அவிநாசி ரோடு சொன்ன அந்த 'வாடிக்கையாளர்' நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மில் மூடிப் பல வருடம் ஆகிறது. பழைய பஞ்சுக் குடோன் ஒன்று மிஞ்சியிருக்கிறது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷின், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இரண்டு, தாத்தாவின் கார், மேனேஜிங் டைரக்டர் அறை மேசை நாற்காலி, பீரோ பீரோவாகச் சம்பளப் பதிவேடுகள், நோட்டீஸ்கள். நூற்றாண்டுக்குள் அருங்காட்சியகமாக்க அப்பா ஆசைப்படுகிறார். கட்டட வரைகலைஞர் ஒருவர் கண்ணாடிக் கூரை, காபி ஷாப், 3டி படத்தோடு வந்தார். படத்தில் எல்லாம் இருந்தது, எங்கள் பொருள் எதுவும் இல்லை. பூர்வீக வீட்டுச் செம்புத் திருமேனிகளையும் வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார். எங்கே ஆரம்பிப்பது?

பழைய பதிவேடு

திருமேனிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள் ஆகும், கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருடம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உலோகச் சிலைகளைப் பதிவு செய்திருக்க வேண்டும். தாத்தா காலத்தில் செய்தார்களா என்று தேடுங்கள். பதிவுச் சான்று இல்லாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பத்திரிகைக்குப் படம் கொடுத்தால் விசாரணைக்கு ஆள் வருவார்கள். 'சேகரிப்பைப் பெருக்கலாம்' என்று யாராவது இடைத்தரகரை அழைத்துவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சம்பளப் பதிவேடுகளைத் தரையில் வைக்காதீர்கள். கரையான் ஒரு மழைக்காலத்தில் முடித்துவிடும். குடோனில் பஞ்சுத் தூசி இன்னும் இருந்தால் வயரிங்கை முழுதும் மாற்றாமல் ஒரு பல்பு கூடப் போட வேண்டாம். டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் ஒரே இரவில் எரிந்துபோனது.

மூன்றாம் ஷிப்ட்

எங்கப்பா அந்த மாதிரி ஒரு மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தாருங்க. பேரன் சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. தாத்தா படம் எத்தனை அடி வரும்? எங்கப்பன் டோக்கன் எங்க வரும்?

பஞ்சாலை வரலாறுன்னா முதலாளி காரும் மேசையும் மட்டுமா? சங்கு ஊதுனா ஊரே எந்திரிக்கும். லேபர் லைன்ல ஒரே குழாய்க்கு வரிசை. போனஸ் ஸ்டிரைக்கு. சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நாலு பேரைக் கோவை ஜெயில்ல 1946 ஜனவரி 8 தூக்குல போட்டாங்களே, அது எந்த மில்லுக்காரர் மியூசியத்துல வரப்போகுது? ஆலோசகருக்குச் சம்பளம் குடுக்கறது முதலாளி. அவர் வேண்டாம்னா இவங்க எழுதிருவாங்களா?

அவிநாசி ரோடு

நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: பல இடங்களில் எழுத விடமாட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த பலகை வாசகங்களில் 'வேலைநிறுத்தம்' வந்த வரிகள் எல்லாம் அச்சுக்குப் போகும்போது 'சவாலான காலகட்டம்' ஆகிவிடும்.

மூன்றாம் ஷிப்ட்

சவாலான காலகட்டம்! எங்கம்மா கம்மலை அடகு வெச்சதுக்குப் பேரு அதானுங்களா.

மில்வீட்டுப் பேரன்

கோபம் இல்லை அண்ணா. பீரோவில் யூனியன் நோட்டீஸ்கள் இருக்கின்றன, தாத்தா எதையும் தூக்கிப் போட்டதில்லை. அவற்றை வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்பாவிடமும் பெரியப்பாக்களிடமும் பேச வேண்டும். அதற்கு வெளியாள் ஒருவர் சொன்னால் எடுபடும், நான் சொன்னால் "சின்னப் பையன்" என்பார்கள்.

கிளுவைவேலி, நீங்கள் இந்த வேலையை எடுத்துச் செய்வீர்களா?

கிளுவைவேலி

நேரடியாகக் கேட்டுவிட்டீர்கள். இரண்டு நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த நிறுவனத்தின் டிபிஆர் வேலையை ஏற்கவில்லை. காப்பாட்சியர் அறிவிப்பு வந்தால் எழுதுவேன், அது அது பாட்டுக்கு. உங்களுடையதை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் பட்டியல் மட்டும். குடோனிலும் பீரோவிலும் உள்ள ஒவ்வொன்றுக்கும் எண், படம், அளவு, நிலை. அது முடியும்வரை கட்டட வரைபடம் பேசக்கூடாது. பட்டியலைப் பார்த்துவிட்டு எதைக் காட்டுவது, எதைச் சேமிப்பறையில் வைப்பது, எதை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யலாம். சில பொருள்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொல்லுவேன். அப்புறம் ஐந்து வருட நடத்துச் செலவு யார் பேரில் என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் வர வேண்டும். பலகை வாசகத்தில் நான் எழுதியதை மாற்றினால் என்னிடம் காட்டிவிட்டு மாற்ற வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால் வருகிறேன்.

அவிநாசி ரோடு

கடைசி ஷரத்தை ஒத்துக்கொள்வார்களா என்று பார்க்க எனக்கே ஆவல். முன்பணம் முப்பது சதவீதம் கைக்கு வராமல் குடோன் சாவியை வாங்காதீர்கள். பட்டியல் வேலையைத் தனிக் கட்டணமாகப் போடுங்கள், மொத்தத்தில் சேர்த்தால் திட்டம் நின்றுபோகும்போது உங்கள் உழைப்பும் சேர்ந்து போகும். உங்களை இழந்ததில் எங்கள் பக்கத்து நிறுவனங்களுக்கு நட்டம்தான்.

பழைய பதிவேடு

பட்டியலில் மூன்று பிரதி எடுங்கள் அம்மிணி. ஒன்று குடும்பத்திடம், ஒன்று அறக்கட்டளையிடம், ஒன்று அந்தக் கட்டடத்துக்கு வெளியே. கணினியில் இருக்கிறது என்று காகிதத்தை விட்டுவிடாதீர்கள்.

மில்வீட்டுப் பேரன்

பத்திரமும் முன்பணமும் பேசிவிடலாம். பலகை வாசக ஷரத்துக்குப் பெரியப்பா இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். நூற்றாண்டு விழா தேதி குறித்தாயிற்று, தள்ள முடியாது என்கிறார் அப்பா. பட்டியல் மட்டும் முடிந்திருந்தால் விழாவில் என்ன காட்டுவது?

கிளுவைவேலி

குடோன் வாசலில் ஒரு மேசை போட்டுச் சம்பளப் பதிவேடுகளின் பிரதிகளை வைக்கலாம், அசல் வேண்டாம். பழைய தொழிலாளர் குடும்பங்களைக் கூப்பிட்டு, அவரவர் அப்பா, தாத்தா பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். அன்றைக்கே அவர்கள் சொல்கிற விவரமும் பட்டியலுக்கு வந்து சேரும்.

மூன்றாம் ஷிப்ட்

அதுக்கு நான் வர்றேன், நாலு பேரைக் கூட்டிட்டும் வர்றேன். அப்பா டோக்கன், ஈஎஸ்ஐ கார்டு, மதியச் சோத்துக்குக் கொண்டுபோன தூக்குப்போசி மூணும் எங்கிட்ட இருக்குது. குடுத்தா திரும்ப வருமுங்களா?

கிளுவைவேலி

கொடையாக வேண்டாம் அண்ணா, இரவலாகக் கொடுங்கள். ரசீதில் ஐந்து வருடம் என்று இருக்கும், அதற்கு நடுவில் எப்போது கேட்டாலும் ஒரு மாத அவகாசத்தில் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கும். பலகையில் அப்பா பெயரும் டோக்கன் எண்ணும் வரும். ஈஎஸ்ஐ கார்டில் முகவரி இருந்தால் அதை மறைத்துத்தான் வைப்போம். தூக்குப்போசியைப் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள், இருக்கிறபடியே கொண்டு வாருங்கள்.